அலகுக்கு அல்ல, வகுப்புக்கு: யாழ்ப்பாணத்து அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கு,

வணக்கம்.

யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் தரம் 1 வகுப்புள்ள பாடசாலைகளின் அதிபர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதினால், அவர் ஒருவர்தான் அப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் நாங்கள் கிளினிக் வாசலில் காத்திருக்கும் நேரங்களில், பிள்ளையைத் தரம் 1இல் சேர்க்கக் கேட்டதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன பதில் கிடைத்தது என்று பேசிக்கொள்வோம். பள்ளிக்கூடங்கள்தான் வேறு வேறு. பதில் ஒரே அச்சு.

"எங்களிட்ட அதுக்கான வசதி இல்லை அம்மா." "பிள்ளைக்குத்தான் கஷ்டம், யோசிச்சுப் பாருங்கோ." "அலகு இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோங்கோ, அங்க நல்லாப் பாப்பினம்." (அலகு என்பது விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று சில பாடசாலைகளில் இருக்கும் தனி வகுப்பு.) கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மற்றத் தாய் தகப்பன் என்ன சொல்லுவினமோ தெரியாது."

யாரும் எரிந்து விழுவதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, மிகவும் அன்பாகத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

என் மகளுக்கு வருகிற கல்வியாண்டுக்கு ஐந்து வயது நிரம்பிவிடும். வீட்டிலிருந்தே மணி கேட்கிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அவளுடைய அண்ணன் படிப்பதும் அங்கேதான். நேர்முகத்துக்குப் போனோம். வாக்காளர் இடாப்புப் பிரதி, காணி உறுதி, மின்சாரப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு குழுவிலிருந்த ஒருவர் மேசையில் கிடந்த பேனையைத் தூக்கி மகளிடம் காட்டி, "இது என்ன கலர்?" என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் போன பிள்ளைகளிடம் யாரும் பேனையையோ நிறத்தையோ பற்றிக் கேட்கவில்லை. தரம் 1 நேர்முகம் தாய் தகப்பனின் பத்திரங்களைப் பார்க்க வைப்பது, பிள்ளையைச் சோதிக்க வைப்பதல்ல என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகள் பேனையை வாங்கினாள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எட்டி அவருடைய சட்டைப் பொக்கற்றிலேயே பத்திரமாகச் செருகிவிட்டாள். பேனை இருக்க வேண்டிய இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் புள்ளி கிடைக்கவில்லை.

டவுன் சின்ட்ரோம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு உடலின் ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 47 இருக்கும். 21ஆவது மட்டும் மூன்றாக வந்திருக்கும். 1959இல் பிரான்சில் கண்டறிந்தது இது. தொற்றாது. யாருடைய பாவத்துக்கும் தண்டனையல்ல. ஏறத்தாழ 1000 பிறப்புக்கு ஒன்று என்பது ஐக்கிய நாடுகள் சபை சொல்கிற பொதுக் கணக்கு. ஆகவே உங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள குறிச்சிகளிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும், இல்லாவிட்டால் இனிப் பிறக்கும். நான் எழுத வந்தது வகுப்பறையைப் பற்றி. அங்கே பெரிய ஆயத்தம் வேண்டும் என்று நீங்கள் நினைப்பதால்தான் வசதி இல்லை என்ற பதில் அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. உண்மையில் என்ன வேண்டும் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் காது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நடுச்செவியில் நீர் கட்டும். ஒரு மாதம் நன்றாகக் கேட்கும், அடுத்த மாதம் மந்தமாக இருக்கும். நம் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபங்களில் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான் நிற்கும். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் இந்த வகுப்பு ரீச்சரின் குரல் அமுங்கிப்போகும். அப்படிப்பட்ட இடத்தில் கடைசி வாங்கில் இருத்திவிட்டு "சொன்னது ஒண்டும் விளங்குதில்லை" என்றால் எப்படி விளங்கும்? முன் வரிசையில் இருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். கண்ணும் அப்படித்தான், பலருக்குக் கண்ணாடி தேவைப்படும்.

பிறகு நேரம். எங்கள் முன்பள்ளியில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். இவளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரச் சற்று நேரமெடுக்கும். கேள்வி விளங்க வேண்டும், சொல் நினைவுக்கு வர வேண்டும், அதற்குப் பிறகு நாக்கும் உதடும் சேர்ந்து அந்தச் சொல்லைச் செய்ய வேண்டும். பெரியவர்கள் பொறுப்பதில்லை, மூன்றாவது விநாடியே கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிடுவோம். அவள் பாவம், முதலிலிருந்து தொடங்குவாள். முன்பள்ளி ரீச்சர் மட்டும் மனதுக்குள் பத்து எண்ணுவா. அதைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்திலிருக்கும் பெடியன் விரல் மடித்து எண்ணப் பழகிவிட்டான். ஒருநாள் நான் வாசலில் நிற்கிறேன், ரீச்சர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்கிறா. இவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பின்னாலிருந்து ஒரு பிள்ளை பதில் சொல்ல வாயெடுக்க, இவன் திரும்பி, "பொறடா, இப்பதான் ஏழு" என்றான். ஒன்பதில் அவள் "நந்து" என்றாள். நண்டுதான். எந்தச் செயலமர்வுக்கும் போகாமல் ஐந்து வயதுப் பெடியன் பிடித்துக்கொண்டது இது.

வாசிப்பைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எழுத்தே ஏறாது" என்ற முடிவோடுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதை மனதில் நிறுத்துவது கஷ்டம்; கண்ணால் பார்த்தது நிற்கும். 1980ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஒரு தகப்பன், டவுன் சின்ட்ரோம் உள்ள தன் மகள் சின்ன வயதிலேயே வாசிக்கிறாள் என்று போர்ட்ஸ்மத் நகரத்து உளவியலாளர் சூ பக்லிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்திலிருந்துதான் அங்கே ஆய்வுகள் தொடங்கின. பேச்சு வந்த பிறகு வாசிப்பு என்று காத்திருக்கத் தேவையில்லை, வாசிப்பே பேச்சைக் கொண்டுவரும் என்று அவர்கள் கண்டார்கள். வீட்டில் நாங்களும் ஆனா ஆவன்னாவில் தொடங்கவில்லை. பால்மாப் பெட்டி மட்டையை வெட்டி, "அம்மா", "அண்ணா", "பால்", "பஸ்" என்று முழுச் சொல்லாகத் தடித்த எழுத்தில் எழுதினோம். "அண்ணா" என்ற அட்டையை எடுத்துக்கொண்டுபோய் அவனுடைய புத்தகப் பையின் மேல் வைத்துவிட்டு வருவாள். இப்போது ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையச் சொற்கள் இருக்கின்றன. கொம்பும் அரவும் பிறகு மெல்ல மெல்ல வரும். அந்தப் பெட்டியை வகுப்புக்கு நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

எழுதுவது கொஞ்சம் பாடுதான். விரல்கள் கட்டை, மூட்டுகள் தளர்வு, பென்சில் பிடித்துக் கொஞ்ச நேரத்தில் கை களைத்துவிடும். மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதும்போது இவளுக்கு மூன்று வரி போதும், பெரிய கட்டக் கொப்பியில். மலசலகூடத்தைப் பற்றி ரீச்சர்மார் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள், நானே சொல்லிவிடுகிறேன்: தானாகப் போவாள். பொத்தான் போடுவதுதான் கஷ்டம், அதனால் வெள்ளைச் சட்டையை இலாஸ்டிக் வைத்துத் தைப்பித்துத் தருவோம்.

இவ்வளவுதான் வசதி. சாய்தளம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. போரில் காலிழந்தவர்களுக்கு அது தேவை, பல இடங்களில் கட்டியும் இருக்கிறார்கள், நல்லது. ஆனால் வாசலில் சாய்தளம் கட்டி, திறப்பு விழாவில் நாடா வெட்டிப் படமும் எடுத்துவிட்டால், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிப்பிக்கிற உட்படுத்தற் கல்வி முடிந்துவிட்டது என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. என் மகள் அந்தச் சாய்தளத்தில் ஓடி விளையாடுவாள், வேறொன்றும் அதில் அவளுக்கு இல்லை.

வசதியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் ஒன்று கேட்கிறேன். 1995 இடப்பெயர்வில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது என்ன வசதி இருந்தது? மரத்தடியிலும் கொட்டிலிலும் வகுப்பு நடந்தது. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு பள்ளிக்கூடம். மின்சாரமில்லாத அந்த வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள்தான் இன்று உங்களில் பலர். அந்த யாழ்ப்பாணத்துக்கு முன் வரிசையில் ஓரிடம் ஒதுக்கிக் கொடுக்க வசதி இல்லையாம்.

தரம் 1 ரீச்சர்மாரின் பாடு தெரியாமல் நான் பேசவில்லை. 35, 40 பிள்ளைகள், அவர்களில் பாதிப் பேருக்கு மூக்கு வடியும், இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுவார்கள். இதற்குள் எங்கள் பிள்ளையையும் தலையில் கட்டிவிட்டு நீங்கள் அலுவலகத்துக்குள் போய் இருந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். துணைக்கு ஓர் ஆள் வேண்டும், முழுநாளும் இல்லாவிட்டாலும் காலையில் இரண்டு மூன்று பாடவேளைக்காவது. வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறார். விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை அலகுக்கு அனுப்புவதற்குப் பதிலாக அந்த ஆசிரியரை வகுப்புக்கு வரவழைத்தால் என்ன? இத்தாலியில் 1977இல் தனி வகுப்புகளைச் சட்டம் போட்டே மூடினார்கள். அங்கே துணை ஆசிரியர் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் உரியவரல்ல, முழு வகுப்புக்கும் ஆசிரியர். மற்ற மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய உதவி கிடைக்கிறது.

காசுக்கு எங்கே போவது என்பீர்கள். சரி, பழைய மாணவர் சங்கங்களிடம் போவோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வரும் காசில் நுழைவாயில் வளைவு எழும்புகிறது, மண்டபத்துக்குக் குளிரூட்டி பூட்டப்படுகிறது, நிறுவுநருக்குச் சிலை வைக்கப்படுகிறது. எல்லாவற்றிலும் உபயகாரரின் பெயர் பொறித்த கல். ஓர் உதவி ஆசிரியையின் மாதச் சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாதுதான். ஆனாலும் நீங்கள் கேட்டால் தருவார்கள் என்றே நினைக்கிறேன். நீங்கள் கேட்க வேண்டும்.

அலகுகளுக்கு நான் எதிரியல்ல. கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையும் கைதடி நவீல்ட் பாடசாலையும் மற்றவர்கள் கைவிட்ட எத்தனையோ பிள்ளைகளைத் தாங்கியிருக்கின்றன. தனிக் கவனிப்பு முழுநேரமும் தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எது என்பதைப் பிள்ளையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் முகத்தைப் பார்த்தவுடன் தீர்மானித்துவிடுகிறீர்கள், அதுதான் என் முறைப்பாடு. போர்ட்ஸ்மத் ஆய்வாளர்கள் சாதாரண பாடசாலையில் படித்த டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளையும் தனிப் பாடசாலையில் படித்தவர்களையும் பதின்ம வயதில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாதாரண பாடசாலையில் படித்தவர்கள் பேச்சில் இரண்டு வருடத்துக்கும் மேலாக, எழுத்து வாசிப்பில் மூன்று வருடத்துக்கும் மேலாக முன்னுக்கு நின்றார்கள். மற்றவர்களோடு பழகும் திறனில் மட்டும் தனிப் பாடசாலைப் பிள்ளைகள் சற்று முன்னுக்கு. அதுவும் நியாயமான செய்திதான், தன்னைப் போல இன்னொருவர் பக்கத்தில் இருப்பது ஒரு பலம். ஆகவே "எங்களிட்ட ஏற்கனவே ஒரு பிள்ளை இருக்கு" என்று இரண்டாவது பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த விருப்பமில்லை. ஆனால் சொல்லாமலும் விடமுடியாது, ஏனென்றால் பல பெற்றோருக்கு இது தெரியாது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 23ஆம் பிரிவில் சொல்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே 2016இல்தான் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என்றும் ஆக்கப்பட்டது. கட்டாயம் என்பது எங்களுக்கு மட்டுமா, பள்ளிக்கூடத்துக்கு இல்லையா என்று யாராவது ஒரு நீதிபதியிடம் கேட்க வேண்டி வரலாம். அந்தத் தாய் நானாக இருக்க வேண்டாம் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

"மற்றத் தாய் தகப்பன் என்ன சொல்லுவினமோ" என்ற பதிலுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் அதுதான் உண்மையான காரணம் என்பது என் எண்ணம். தரம் 1 முடிவதற்குள்ளேயே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூசனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிற ஊர் இது. வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்பதை மதிலில் பதாகையாகக் கட்டுகிற ஊர். எங்கள் பிள்ளை வந்தால் ரீச்சரின் கவனம் சிதறும், தன் பிள்ளையின் புள்ளி குறையும் என்று ஒரு தாய் பயப்படுவதை நான் குற்றம் சொல்லவில்லை. என் மகனும் அந்தப் பரீட்சைக்குத்தான் ஆயத்தமாகிறான். ஆனால் அந்தப் பயத்துக்கு அதிபர் தலையாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே வரலாறு இருக்கிறது.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. அதுவரை சாதியின் பெயரால் ஒரு பகுதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்துதான் படித்தார்கள், அதுவும் பள்ளிக்கூடத்துக்குள்ளே விட்டால். உத்தரவு வந்ததும் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நிறுத்திய பெற்றோர் இருந்தார்கள். பாடசாலைகளைக் கொளுத்தியவர்களும் இருந்தார்கள். அன்றைக்கும் அதிபர்களுக்கு மேல் இதே அழுத்தம்தான், "மற்றத் தாய் தகப்பன்" என்ற அழுத்தம். சிலர் வளைந்தார்கள், சிலர் வாங்கைக் கொண்டுவந்து போட்டார்கள். இன்றைக்கு நம் பாடசாலைகளின் ஆண்டு மலர்களில் எந்த அதிபரைப் பெருமையாக எழுதுகிறோம் என்று பாருங்கள். இரண்டு பிரச்சினையும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். வாங்கில் யார் இருக்கலாம் என்பதைப் பக்கத்து வீட்டார் தீர்மானிக்க விடக் கூடாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. முந்தின தலைமுறைகளில் இந்தப் பிள்ளைகள் பலர் இதய நோயாலும் சளிக் காய்ச்சலாலும் சின்ன வயதிலேயே போய்விடுவார்கள். இப்போது இதய சத்திரசிகிச்சை இருக்கிறது, தைரொயிட் குறைபாட்டுக்கு மருந்து இருக்கிறது. வசதியுள்ள நாடுகளில் இவர்களுடைய சராசரி ஆயுள் 60 வயதை எட்டிவிட்டது. என் மகள் 60 வயது வரை இந்த ஊரில் இருக்கப்போகிறாள். நான் இருக்கமாட்டேன். அவள் ஏறப்போகிற மினி பஸ்ஸின் நடத்துநர், வங்கியில் கணக்குத் திறந்து கொடுக்கப்போகிறவர், வேலை கேட்டுப் போனால் பதில் சொல்லப்போகிற முதலாளி, காய்ச்சலென்று போனால் பார்க்கப்போகிற வைத்தியர், எல்லாரும் இப்போது உங்கள் பாடசாலைகளின் தரம் 1இலும் 2இலும் இருக்கிறார்கள். பத்து எண்ணப் பழகியவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

முன்பள்ளியில் விரல் மடித்து எண்ணிய அந்தப் பெடியனுக்கு நேர்முகத்தில் இடம் கிடைத்துவிட்டது, சந்தோஷம். அதே பள்ளிக்கூடத்தில் இவளுக்குப் பதில் இன்னும் இல்லை. "பிறகு அறிவிக்கிறம்" என்றார்கள். அறிவித்தல் எழுத்தில் வர வேண்டும், காரணத்தோடு வர வேண்டும். இது மற்ற அதிபர்களுக்கும் என்னுடைய முதல் கோரிக்கை: இல்லை என்று சொல்வதானால் வாசலில் நின்று வாயால் சொல்லாதீர்கள், கடிதத்தலைப்பில் எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். பெற்றோர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன், எழுத்தில் கேளுங்கள். எழுதப் பேனை எடுத்தால் பல அதிபர்களின் மனம் மாறும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

இரண்டாவது, சேர்த்தால் வகுப்பு வரவு இடாப்பில் சேருங்கள். பெயர் அலகு இடாப்பில், பிள்ளை "சும்மா வந்து இருக்கட்டும்" என்று வகுப்பில், அப்படி வேண்டாம். காலையில் பெயர் கூப்பிடும்போது அவளுடைய பெயரும் அகர வரிசையில் அதற்குரிய இடத்தில் வர வேண்டும். விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் பிரிக்கும்போது அவளுக்கும் ஓர் இல்லம் வேண்டும். வாணி விழாவில் கரையில் இருத்திவைத்துக் கச்சான் கொடுக்க வேண்டாம், கோலாட்டத்தில் ஓரிடம் கொடுங்கள். அடி பிந்தும், பரவாயில்லை.

மூன்றாவதாக, சேர்த்த முதல் வாரத்திலேயே கவனிக்க வேண்டியவை. அவளுக்கு வலக்காதுதான் தெளிவாகக் கேட்கும், ஆகவே முன் வரிசையில், பிள்ளைகளின் பார்வையில் இடப்பக்கமாக இருத்துங்கள். கழுத்து மூட்டு தளர்வாக இருக்கலாம் என்பதால், வைத்தியர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உடற்பயிற்சியில் குத்துக்கரணம் வேண்டாம். சொல் அட்டைப் பெட்டி பையின் முன் அறையில் இருக்கும். மற்ற எல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குப் போலத்தான், ஏச்சு உட்பட. பேனையைக் கண்டால் எடுப்பாள்.

இப்படிக்கு,
டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளையின் தாய்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.